நின்றால் சொட்டும்... ஓடினால் காற்றை இழுக்கும்!
கிணற்று மோட்டார் ‘ஏர்’ வாங்குவதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழிகள்

போன பங்குனியில் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கத்தரித் தோட்டத்துக்குப் போயிருந்தேன். காய்ப்புழுத் தாக்குதலைப் பார்க்கத்தான் போனது. ஆனால், தோட்டத்துக்கார அம்மாவுக்குப் புழுவைவிட மோட்டார்தான் பெரிய கவலையாக இருந்தது.

“பொங்கல் வரைக்கும் நல்லாத்தான் சார் ஓடுச்சு. மாசி பொறந்ததுலருந்து பத்து நிமிஷம் தண்ணி வருது, அப்புறம் கக்கிக் கக்கி வந்து நின்னுபோகுது. கெணத்துல தண்ணி கெடக்கு. மெக்கானிக் தம்பி வந்து பாத்துட்டு, மோட்டாருக்கு வயசாயிருச்சு, புதுசு போட்டுருங்கன்னு சொல்லிட்டாரு. நாளைக்கு நகையைக் கொண்டுபோய் வைக்கலாம்னு இருக்கோம்” என்றார்.

கிணற்றுக்குள் மேடை கட்டி, அதில் மோனோபிளாக் மோட்டாரை வைத்திருந்தார்கள். படி இறங்கிப் பார்த்தேன். சக்‌ஷன் பைப்புக்குக் கீழே ஒரு பழைய பெயின்ட் டப்பா. அதில் பாதி தண்ணீர்.

“இது எதுக்கும்மா?”

“மோட்டார நிறுத்துனா அந்த டேப்புல சொட்டும் சார். மேடையெல்லாம் பாசி புடிச்சு வழுக்குதுன்னு பையன் டப்பா வச்சான். ஓடும்போது ஒரு சொட்டு வராது. அதனால அத யாரும் கண்டுக்கல.”

ஜீவாமிர்தம் விடுவதற்காக இரண்டு வருடத்துக்கு முன்பு சக்‌ஷன் பைப்பில் வைத்த அரை அங்குல டேப் அது. அதைக் கழற்றிவிட்டு, ஒரு பிளக்கில் டெஃப்லான் டேப் சுற்றி முறுக்கினோம். தண்ணீர் ஊற்றி நிரப்பி ஸ்விட்சைப் போட்டோம். அரை மணி நேரம் கழித்தும் தண்ணீர் நிற்கவில்லை. செலவு நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

அந்த மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. கசிவு இருந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு டப்பாவும் வைத்திருக்கிறார்கள். ‘ஓடும்போது சொட்டவில்லை, அதனால் ஓடும்போது கசிவு இல்லை’ என்று நினைத்ததில்தான் தப்பு நடந்திருக்கிறது. சக்‌ஷன் பக்கத்தில், நின்றிருக்கும்போது சொட்டுகிற இடம்தான் ஓடும்போது காற்றை இழுக்கிற இடம். இதை மனதில் வைத்துக்கொண்டால், ‘ஏர் வாங்குகிறது’ என்று சொல்லப்படும் பெரும்பாலான கோளாறுகளை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

ஏன் இப்படி நடக்கிறது?

பம்பு தண்ணீரை உறிஞ்சி இழுப்பதில்லை. இம்பெல்லர் சுற்றும்போது சக்‌ஷன் பைப்புக்குள் காற்றழுத்தம் குறைகிறது. வெளியே கிணற்று நீரின் மேல் இருக்கும் காற்றின் அழுத்தம், தண்ணீரைப் பைப்புக்குள் தள்ளிவிடுகிறது. அந்த அழுத்தம் கடல்மட்டத்தில் அதிகபட்சம் 10.3 மீட்டர், அதாவது சுமார் 34 அடி உயரத்துக்குத்தான் தண்ணீரைத் தள்ளும். பைப்பில் ஏற்படும் உராய்வு, புட்வால்வின் தடை எல்லாம் போக, நடைமுறையில் 20 அடிக்குள் இருந்தால்தான் பம்பு சிரமமில்லாமல் ஓடும். ஆழக் கிணறுகளில் மேடை கட்டி மோட்டாரைக் கீழே இறக்குவது இதனால்தான்.

மோட்டார் ஓடும்போது சக்‌ஷன் பைப்புக்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவு. அதனால், ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் காற்று உள்ளே போகும். தண்ணீர் வெளியே வராது. மோட்டாரை நிறுத்தியதும் நிலைமை தலைகீழாகிறது. புட்வால்வு மூடிக்கொள்ள, டெலிவரி பைப்பில் நிற்கும் தண்ணீரின் பாரம் முழுவதும் சக்‌ஷன் பைப்பின் மேல் இறங்குகிறது. டெலிவரி 40 அடி உயரம் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கும் மேல் அழுத்தம். இப்போது அதே ஓட்டை வழியாகத் தண்ணீர் சொட்டும்.

பொங்கல் வரை ஓடிய மோட்டார் மாசியில் மக்கர் செய்ததற்கும் காரணம் இதுதான். கிணற்று நீர்மட்டம் மேலே இருந்தபோது பம்புக்குப் பாரம் குறைவு. ஓட்டை வழியாகப் போன காற்றும் குறைவு. மட்டம் இறங்க இறங்கப் பைப்புக்குள் வெற்றிடம் கூடி, அதே ஓட்டை அதிகக் காற்றை இழுத்தது. பத்து நிமிடம் ஓடியதும் நின்றதற்கும் இதே கணக்குதான். ஓட ஓட நீர்மட்டம் இறங்குகிறது அல்லவா?

தண்ணீரைவிடக் காற்று ஏறத்தாழ 800 மடங்கு லேசானது. தண்ணீரை வீசி எறியும் இம்பெல்லரால் காற்றை வீசி எறிய முடியாது. இம்பெல்லரின் நடுவில் காற்று சேரச் சேரத் தண்ணீர் குறைந்து, கடைசியில் அடியோடு நின்றுவிடும்.

முதலில், இது ‘ஏர்’தானா என்று பாருங்கள்

தண்ணீர் குறைகிறது என்றாலே ‘ஏர்’ என்று முடிவுகட்டக் கூடாது. டெலிவரி பைப்பின் வாயை ஒரு வாளியிலோ தொட்டியிலோ தண்ணீருக்குள் முங்கும்படி வைத்து, ஐந்து நிமிடம் கவனியுங்கள்.

குமிழி குமிழியாகப் பொங்கினாலோ, தண்ணீர் பால் மாதிரி வெளுத்து வந்தாலோ, விட்டுவிட்டுக் கக்கினாலோ, காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம்.

குமிழியே இல்லாமல் தண்ணீர் மட்டும் குறைந்து, பம்புக்குள் சரளைக்கல்லைப் போட்டு உருட்டுவது மாதிரி சத்தம் வந்தால், பெரும்பாலும் அடைப்பு. புட்வால்வு சல்லடையில் இலை, பாசி, பிளாஸ்டிக் பை மாட்டியிருக்கலாம். நீர்மட்டம் பம்புக்கு எட்டாத அளவு இறங்கியிருந்தாலும் இந்தச் சத்தம் வரும்.

ஓடும்போது ஒரு குறையும் இல்லை, ஆனால் ஒவ்வொரு முறை போடும்போதும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது புட்வால்வை.

ஓட்டையைத் தேடும் முறை

தொடங்கும் முன்பு ஒரு விஷயம். ஸ்டார்ட்டரை நிறுத்தினால் மட்டும் போதாது. மெயினை அணைத்து, பியூஸ் கட்டைகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிய மோட்டார், கரன்ட் வந்ததும் தானாகவே ஓடத் தொடங்கும். நீங்கள் கையை வைத்திருப்பது அதற்குத் தெரியாது. கிணற்றுக்குள் தனியாக இறங்காதீர்கள்; மேலே ஓர் ஆள் நிற்கட்டும்.

1. நிறுத்திவிட்டுப் பாருங்கள்: மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, டெலிவரி பைப் நிறைந்ததும் நிறுத்துங்கள். பம்பிலிருந்து நீர்மட்டம் வரை சக்‌ஷன் பைப்பை ஒரு காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து ஒவ்வொரு இணைப்பின் அடிப்பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டுகிற இடத்தில் சுண்ணாம்பாலோ சாக்பீஸாலோ குறி போடுங்கள். டெலிவரியில் செக் வால்வு இருந்தால் தண்ணீரின் பாரம் சக்‌ஷனுக்கு வராது; அப்போது அடுத்த முறைதான் சரி.

2. நிரப்பிவிட்டுப் பாருங்கள்: தண்ணீர் ஊற்றும் புனல் வழியாகப் பம்பை வழிய வழிய நிரப்பி, பத்து நிமிடம் காத்திருங்கள். மட்டம் இறங்கவில்லை என்றால் புட்வால்வு நன்றாக இருக்கிறது. இறங்கி, வெளியே ஏதாவது ஓர் இடம் நனைந்தால் அந்த இணைப்பில் கசிவு. மட்டம் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால் புட்வால்வுதான் விடுகிறது. இந்த ஒரு சோதனையிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

3. ஓடவிட்டு உறுதிப்படுத்துங்கள்: குறி போட்ட இடத்தில் கெட்டியான சோப்பு நுரையைத் தடவுங்கள். காற்று இழுக்கும் இடத்தில் நுரை உள்ளே போய் ஓட்டை தெரியும். காற்றடிக்காத இடம் என்றால் ஊதுபத்தியைப் பக்கத்தில் காட்டலாம். புகை அந்த இடத்தை நோக்கி வளைந்து போகும். இன்னும் எளிய வழி, குழைத்த களிமண். ஒவ்வோர் இணைப்பாக அப்பிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் அப்பியதும் டெலிவரியில் குமிழி குறைந்து தண்ணீர் கூடுகிறதோ, அங்கேதான் ஓட்டை. சுழலும் ஷாஃப்டுக்கும், மின் இணைப்புப் பெட்டிக்கும் பக்கத்தில் கை போகக் கூடாது. ஈரக் கையோடு ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள்.

எங்கெங்கே தேடுவது, எப்படிச் சரிசெய்வது?

பம்பிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள்.

புனலும் பிளக்கும்: அடிக்கடி திறந்து மூடுவதால் முதலில் தேய்வது இதுதான். மரையைச் சுத்தமாகத் துடைத்து, டெஃப்லான் டேப்பை மரை முறுக்கும் திசையிலேயே சுற்றி முறுக்குங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது டேப் பிரிந்து வந்துவிடும். தேய்ந்த டேப்பை மாற்றிவிடுவதே நல்லது.

சக்‌ஷன் ஃபிளாஞ்சு: பழைய பேக்கிங்கின் மேலேயே புதிய பேக்கிங்கை வைக்காதீர்கள். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, 3 மி.மீ. ரப்பர் பேக்கிங் போடுங்கள். போல்டுகளை ஒரே பக்கமாக முறுக்காமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டால், மெல்லிய ரப்பர் சுருங்கி உள்ளே இழுபட்டுவிடும்.

கிளாண்டு: இன்ஜின், பெல்ட் போட்ட பழைய பம்புகளில் ஷாஃப்டைச் சுற்றிக் கிளாண்டு கயிறு இருக்கும். ஓடும்போது இங்கே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வேண்டும். அதுதான் ஷாஃப்டைக் குளிர்விக்கிறது. ஒரு சொட்டும் விழாமல் இறுக்கினால் ஷாஃப்டு தேய்ந்துவிடும். ஒரேயடியாகத் தளர்ந்தால் காற்று போகும். கயிறு போடும்போது ஒவ்வொரு வளையத்தையும் சாய்வாக வெட்டி, ஒன்றின் வெட்டுக்கு நேராக அடுத்ததன் வெட்டு வராதபடி மாற்றிப் போடுங்கள்.

மெக்கானிக்கல் சீல்: இப்போதைய மோனோபிளாக்குகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. இதில் சொட்டக் கூடாது. பம்புக்கும் மோட்டாருக்கும் இடைப்பட்ட இடத்தில் தண்ணீர் வடிந்தால், சீலை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. புதுச் சீலின் வழவழப்பான முகத்தில் மண்ணோ அழுக்குக் கையோ படக் கூடாது.

பி.வி.சி. ஒட்டு: இரும்புப் பைப்பும் பி.வி.சி.யும் சேரும் இடம், வெயில் படும் இடம், தாங்குகோல் இல்லாமல் பைப் ஆடும் இடம் ஆகியவற்றில் மயிரிழை விரிசல் விடும். மேலே பசை தடவினால் நிற்காது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முகத்தையும் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, சொல்யூஷன் பூசி, சொருகும்போது கால்வட்டம் திருப்புங்கள். ஒருநாள் காயவிட்டு ஓட்டுங்கள். பைப் ஆடாமல் கிளாம்பு போடுங்கள்.

பழைய இரும்புப் பைப்: கிளாம்பு பிடித்திருக்கும் இடத்தின் அடியில்தான் துரு அரிக்கும். கிளாம்பைத் தளர்த்திப் பாருங்கள். சைக்கிள் டியூபை இழுத்துச் சுற்றுவது இரண்டு நாள் சமாளிக்கத்தான் உதவும்.

சக்‌ஷன் ஹோஸ்: இன்ஜின் பம்பு வைத்திருப்பவர்கள், கப்ளிங்கில் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹோஸ் முனையில் ஒரு கிளாம்புக்குப் பதிலாக இரண்டு கிளாம்பு போடுங்கள்.

புட்வால்வு: தோல் அல்லது ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும், இல்லையென்றால், ஒரு சிறு கல்லோ குச்சியோ இடையில் மாட்டியிருக்கும். கழற்றிக் கழுவி, வாஷரை மாற்றினாலே போதும். புதிதாக வாங்கினால் ஐ.எஸ். 10805 தரமுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். விவசாயப் பம்புகளின் புட்வால்வுக்கான இந்தியத் தரம் அது.

ஓட்டையே இல்லாமலும் காற்று போகும்

எல்லா இணைப்பும் சரியாக இருந்தும் சில கிணறுகளில் ஏர் வாங்கும். அதற்கு மூன்று காரணங்கள்.

ஒன்று, நீர்மட்டம். புட்வால்வுக்கு மேலே குறைந்தது 2 அடித் தண்ணீர் நிற்க வேண்டும். மட்டம் இறங்கினால் நீர்ப்பரப்பில் சுழி விழுந்து, அதன் வழியாகக் காற்று நேராகப் புட்வால்வுக்குள் போகும். ஒரு பலகையைச் சுழியின் மேல் மிதக்கவிட்டுக் கயிற்றால் கட்டி வைத்தால் சுழி உடையும். டெலிவரி கேட் வால்வைக் கொஞ்சம் மூடி, ஊற்று சுரக்கும் வேகத்துக்கு இறைப்பைக் குறைப்பது இன்னும் நல்லது. சக்‌ஷன் பக்கம் எதையும் மூடி அடைக்காதீர்கள். அதேபோல, புட்வால்வு அடிமண்ணிலிருந்து ஓர் அடியாவது மேலே இருக்க வேண்டும்.

இரண்டு, பைப்பின் வாட்டம். படுக்கையாகப் போகும் சக்‌ஷன் பைப், பம்பை நோக்கி ஒரே சீராக ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் மேடு விழுந்தால், அந்த மேட்டில் காற்று தங்கும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, கிளாம்பை ஏற்றியிறக்கிச் சரிசெய்யுங்கள். பம்பின் வாயில் ரெட்யூசர் இருந்தால், அதன் மேல்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும்.

மூன்று, நாமாக வைத்த டேப். ஜீவாமிர்தம், மீன் அமிலம், கரையும் உரம் விடுவதற்குச் சக்‌ஷன் பைப்பில் டேப் வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வாளி காலியானதும் மூடாமல் விட்டால் காற்று போகும். புட்வால்வு விடும் கிணறாக இருந்தால், மோட்டார் நின்றதும் பைப்பில் இருப்பது கிணற்றுக்கே திரும்பிப் போகும். குடிக்கவும் மாட்டுக்கும் அதே தண்ணீர்தான் என்றால் யோசித்துப் பாருங்கள். சொட்டுநீர் போட்டிருப்பவர்கள் டெலிவரி பக்கம் வென்சுரி வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் பாசனம் என்றால் வாய்க்கால் தண்ணீரிலேயே கலந்துவிடலாம்.

வெறுமனே ஓடவிட்டால் என்ன ஆகும்?

“தண்ணி வரலேன்னா ரிலே டிரிப் ஆயிரும்” என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆகாது. தண்ணீர் இல்லாமல் ஓடும் பம்புக்குப் பாரம் குறைவு. அதனால் கரன்ட் குறைவாகத்தான் இழுக்கும். ஓவர்லோடு ரிலே அதிகக் கரன்ட்டுக்குத்தான் விழும். மும்முனை மின்சாரம் ராத்திரியில் வந்து, ஆட்டோ ஸ்டார்ட்டரில் மோட்டார் ஓடி, தண்ணீர் நின்றுபோனால், விடியும்வரை வெறுமனே ஓடும். சீல் கருகும், பம்புக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்து பி.வி.சி. பைப் இளகும். இரவு நேரப் பாசனத்தை நம்பியிருப்பவர்கள், டிரை ரன் பிரிவென்டர் மாட்டுவது அவசியம். சிங்கிள் பேஸ் பிரிவென்டர் இந்த வேலையைச் செய்யாது.

அந்தக் கத்தரித் தோட்டத்தில் அதற்குப் பிறகு இரண்டு தண்ணீர் தடையில்லாமல் பாய்ந்ததாக அந்த அம்மா போனில் சொன்னார். காய்ப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறியும் வைத்துவிட்டார். பெயின்ட் டப்பாவை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். “கோழிக்குத் தண்ணி வைக்கிறோம் சார்” என்றார்.

உங்கள் மோட்டாருக்குக் கீழேயும் அப்படி ஒரு டப்பா இருக்கிறதா? புது மோட்டாருக்கு விலை விசாரிக்கும் முன்பு, கிணறு வெட்ட ஆள் பேசும் முன்பு, அதை எடுத்துவிட்டு மேலே அண்ணாந்து பாருங்கள்.

வாசகர் கேள்விகள்

“புட்வால்வு விடுகிறது. சாணியைக் கரைத்து ஊற்றினால் நின்றுவிடுகிறது. இதையே தொடரலாமா?”
– மணப்பாறை வாசகர்

சாணியில் இருக்கும் நார், வாஷர் இடுக்கை அடைப்பதால் தற்காலிகமாகத் தண்ணீர் நிற்கிறது. அவசரத்துக்கு ஒருநாள் செய்யலாம். தினமும் ஊற்றினால் அந்த நார் இம்பெல்லரிலும், சொட்டுநீர் ஃபில்டரிலும் போய்ச் சேரும். மெக்கானிக்கல் சீலின் முகத்தையும் கெடுக்கும். வாஷரை மாற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு.

“டிரான்ஸ்பார்மரில் வேலை பார்த்துவிட்டுப் போனதிலிருந்து தண்ணீர் பாதியாகிவிட்டது. ஏர் வாங்குகிறதா?”
– தாராபுரம் வாசகர்

குமிழி வரவில்லை என்றால் ஏர் இல்லை. மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். மூன்று பேஸ்களில் இரண்டு இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும்; தண்ணீர் வரும், ஆனால் குறைவாக வரும். பம்பின் மேல் இருக்கும் அம்புக்குறியோடு ஒப்பிட்டுப் பார்த்து, எலக்ட்ரீஷியனை வைத்து இரண்டு ஒயர்களை மாற்றிக்கொடுக்கச் சொல்லுங்கள்.

“கிணற்றில் நீர்மட்டம் இறங்கிவிட்டது. ஆயில் இன்ஜினைக் கிணற்றுக்குள் மேடையில் இறக்கி ஓட்டலாமா?”
– அரூர் வாசகி

கூடவே கூடாது. இன்ஜின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கிணற்றுக்குள் அது தங்கிவிட்டால், இறங்குகிறவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். இன்ஜின் மேலேயே இருக்கட்டும். நீர்மட்டம் 20 அடிக்குக் கீழே போய்விட்டால், மின்சார மோட்டாரை மேடையில் இறக்குங்கள் அல்லது திறந்தவெளிக் கிணற்றுக்கான நீர்மூழ்கிப் பம்புக்கு மாறுங்கள். நீர்மூழ்கியில் சக்‌ஷன் பைப்பும் இல்லை, புட்வால்வும் இல்லை. தண்ணீருக்கு மேலே அது தலைகாட்டாதவரை ஏர் வாங்கும் பேச்சுக்கே இடமில்லை.